மழைநாள் ரசமும் மல்லிகட்டானி சூப்பும்



ஐப்பசி பிறந்ததிலிருந்து எங்கள் காஞ்சிபுரம் பக்கம் மழை விட்டபாடில்லை. வெள்ளிக்கிழமை இரவு பிடித்த மழை சனிக்கிழமை முழுக்கப் பெய்தது. ஞாயிறு காலையும் வானம் வெளுக்கவில்லை. காய்கறி வண்டிக்காரர் வரவில்லை. கடைத்தெருவுக்குப் போக எனக்கும் மனமில்லை. வீட்டில் இருந்ததைப் பார்த்தேன். புளி, மிளகு, சீரகம், பூண்டு, ஒரு கை துவரம்பருப்பு. மிளகு ரசம் வைத்து, பருப்புத் துவையல் அரைத்து, நாலு அப்பளம் சுட்டேன். சோறு ஆவி பறக்கப் பறக்க இலையில் விழுந்தது. இந்தக் குளிருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சாப்பிட்டு முடித்து, மிச்ச ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தபோது, பல வருஷமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட ஒரு விஷயத்தை இன்று எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. வெளியே மழைதானே, பொறுமையாகப் படியுங்கள். இதில் மிளகின் வரலாறும் இருக்கிறது, வகுப்பறையில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது.

நான் இடைநிலை ஆசிரியையாக வேலை பார்த்தவள். நடுநிலைப் பள்ளியில் எல்லாப் பாடமும் நாங்களே எடுப்போம். சமூக அறிவியலில் ஐரோப்பியர் வருகை என்று ஒரு பாடம் வரும். கொலம்பஸ் ஏன் மேற்கே போனார், வாஸ்கோடகாமா ஏன் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்தார் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். மிளகுக்காக வந்தார்கள் என்பேன். மிளகு ஏன் அவர்களுக்கு அவ்வளவு தேவைப்பட்டது என்று பிள்ளைகள் கேட்டால், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் கேட்டிருந்த பதிலை அப்படியே சொல்வேன். "அந்தக் காலத்தில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. குளிர்காலத்தில் கறி கெட்டுப்போகும். அந்த நாற்றத்தை மறைக்கவும், கறி கெடாமல் வைக்கவும் மிளகு தேவைப்பட்டது."

ஒரு வருஷம் எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா கறிக்கடை வைத்திருந்தார்.

"டீச்சர், கெட்டுப்போன கறில எவ்ளோ மொளகு போட்டாலும் நாத்தம் போவாது டீச்சர். கறி மீந்துட்டா எங்கப்பா உப்பும் மஞ்சளும் தடவி வெயில்ல காய வைப்பாரு. மொளகு எல்லாம் போட மாட்டாரு."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம். "புத்தகத்தில் இருக்கிறதா, உங்க அப்பா சொல்றதா? உட்காருடா" என்று சொல்லிவிட்டேன். அவன் உட்கார்ந்தான். அதன்பிறகு அந்த வருஷம் என் வகுப்பில் அவன் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. உண்மையில் அந்தப் பதில் புத்தகத்தில் இருந்ததா, நானாகச் சேர்த்துச் சொன்னதா என்றுகூட அப்போது நான் திருப்பிப் பார்க்கவில்லை.

இது அப்படியே மறந்துபோயிருக்கும். பணி ஓய்வுக்குப் பிறகு உறவினர்களோடு ஊட்டிக்குப் போனபோது மறுபடி கிளம்பியது. அக்டோபர் மாதம், நல்ல குளிர், தூறல். ஒரு ஓட்டலில் மெனு அட்டையில் 'மல்லிகட்டானி சூப்' என்று போட்டிருந்தது. பெயர் விசித்திரமாக இருக்கிறதே என்று பரிமாறும் தம்பியிடம் கேட்டேன்.

"அது இங்கிலீஷ் சூப் மேடம். உங்களுக்குப் பிடிக்காது. நம்ம ஊர் சாப்பாடு வேணும்னா ரசம் சாதம் இருக்கு."

சரி, அதையும்தான் பார்ப்போமே என்று வாங்கினேன். பருப்பு, கேரட், ஆப்பிள் துண்டு, தேங்காய்ப் பால், மேலே ஒரு கரண்டி சோறு. இளமஞ்சள் நிறத்தில் கெட்டியாக இருந்தது. குளிருக்கு இதமாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஊர் திரும்பியதும் அந்தப் பெயரைத் தேடினேன். தேடியபோதுதான் தெரிந்தது, அந்தத் தம்பி இங்கிலீஷ் சூப் என்று சொன்னது நம்முடைய மிளகுத்தண்ணீர். மிளகுத்தண்ணீர் பேச்சில் 'மொளகுத்தண்ணி' ஆகி, ஆங்கிலேயர் நாக்கில் 'மல்லிகட்டானி' ஆகிவிட்டது. சீமைக்குப் போய் வேஷம் மாற்றிக்கொண்டு வந்ததால் சொந்த ஊர்க்காரருக்கே அடையாளம் தெரியவில்லை.

அங்கிருந்து ஆரம்பித்தது என் படிப்பு. படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் மிளகு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் மரத்தைப் பற்றி ஏறும் கொடி. சங்க இலக்கியத்தில் இதற்குப் பெயர் 'கறி'. ஆமாம், இன்று நாம் ஆட்டுக்கறி, கோழிக்கறி என்கிறோமே, அதே சொல் அன்று மிளகைக் குறித்தது. 'மிரியல்' என்றும் சொன்னார்கள். யவனர் கப்பல்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பேசுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த மிளகு மூட்டைகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. எங்கள் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், சுங்கம் வாங்கும் பெருவழியில் கழுதைகள் மிளகுப் பொதி சுமந்து போகின்றன.

பிறகு சொல்லின் பொருள் மெல்ல நகர்ந்தது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் இறைவனுக்குப் படைக்கும் அமுதுக்கான பட்டியல் வரும். நெய்யமுது, கறியமுது, மிளகமுது, அடைக்காயமுது என்று தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். அங்கே கறி வேறு, மிளகு வேறு. கறி என்பது சோற்றோடு சேரும் பதார்த்தம் ஆகிவிட்டது. இப்போது தமிழ்நாட்டில் கறி என்றால் இறைச்சி. இலங்கையில் மரக்கறி, மீன்கறி என்று சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எல்லாமே கறி. இந்தச் சொல்தான் போர்த்துகீசியர் வழியாகவும் ஆங்கிலேயர் வழியாகவும் 'கரி' என்று உலகம் சுற்றுகிறது. எங்கள் வகுப்பில் அந்தப் பையனும் நானும் கறியைப் பற்றியும் மிளகைப் பற்றியும் வாதம் செய்தோமே, ஒரு காலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

அடுத்தது ரோம். கி.பி. 79-ல் இறந்த பிளினி என்ற ரோமானிய அறிஞர் பெரிய இயற்கைக் களஞ்சியம் ஒன்றை எழுதினார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று அதில் வருத்தப்படுகிறார். கருமிளகு ஒரு பவுண்டு 4 தினாரியஸ் என்று விலையும் எழுதி வைத்திருக்கிறார். இந்த மிளகில் இனிப்பும் இல்லை, பார்வைக்கு அழகும் இல்லை, வெறும் காரத்துக்காக இந்தியா வரைக்கும் போகிறார்களே என்று அவருக்கு ஆச்சரியம். கி.பி. 92-ல் ரோமில் பேரரசர் டொமிஷியன் காலத்தில் மிளகுக்கென்றே கிடங்கு கட்டினார்கள். எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, ஒரு கோயிலில் இந்தியாவில் செய்த பெரிய தாழி ஒன்று கிடைத்தது. அதற்குள் சுமார் ஏழரைக் கிலோ கருமிளகு இருந்தது. முதலாம் நூற்றாண்டு மிளகு! கி.பி. 408-ல் அலாரிக் என்ற கோத்தியர் தலைவன் ரோம் நகரை முற்றுகையிட்டபோது, முற்றுகையை விலக்கப் பொன், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் வாங்கிக்கொண்டான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மிளகைக் கெட்டுப்போன இறைச்சியின் மேல் யாராவது கொட்டுவார்களா?

வரலாற்று ஆய்வாளர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். மத்திய கால ஐரோப்பாவின் நறுமணப் பொருள்களைப் பற்றி பால் ஃப்ரீட்மன் என்ற பேராசிரியர் 2008-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சொல்வது எளிய கணக்கு. அன்றைய ஐரோப்பாவில் இறைச்சி உள்ளூர்ச் சரக்கு. மிளகு கடல் கடந்து, பாலைவனம் கடந்து, பல கை மாறி வரும் சரக்கு. மிளகு வாங்கக் காசு உள்ளவனுக்குப் புது இறைச்சி வாங்குவது பெரிய காரியமே இல்லை. மிச்சமான இறைச்சியைக் காக்க அவர்களிடம் உப்பு இருந்தது, புகை போடும் வழக்கம் இருந்தது, காய வைக்கும் வழக்கம் இருந்தது. கெட்ட இறைச்சியை மிளகு நல்லதாக்காது.

படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காய வைப்பார் என்று அந்தப் பையன் சொன்னது நம் ஊர் உப்புக்கண்டம். அவன் அப்பாவின் கடையில் கண்ணால் பார்த்ததைச் சொன்னான். நான் யாரோ சொன்னதைச் சொன்னேன். "பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம்" என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்ததால், மிளகு எதையும் முறிக்கும் என்று நம்புவது எனக்கு எளிதாகவும் இருந்திருக்கும்.

அப்படியானால் மிளகு எதற்கு? முதலில் ருசிக்கு. பிறகு பகட்டுக்கு. விருந்தில் மிளகு மணத்தால் அந்த வீட்டுக்காரர் வசதியானவர் என்று அர்த்தம். மூன்றாவது காரணம் நம்மவர்களுக்கு உடனே புரியும். அன்றைய ஐரோப்பிய வைத்தியத்தில் எல்லா உணவுக்கும் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்று குணம் உண்டு. மிளகு சூடும் வறட்சியும் கொண்டது. குளிர்ச்சியும் ஈரமும் உள்ள உணவை அது சமன் செய்யும் என்று நம்பினார்கள். நம் பாட்டிமார் சளிக்கு மிளகு ரசம் வைத்த அதே யோசனைதான். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். அந்த மருந்தின் பெயரையே நல்லாதனார் தம் நீதிநூலுக்கு வைத்தார். குளிர் வந்தால் வயிற்றுக்குச் சூடாக ஏதாவது வேண்டும் என்ற ஆசை மனிதர்களுக்கு எங்கும் ஒன்றுதான். அந்த ஆசைக்குத்தான் கப்பல்கள் வந்தன.

இனி ரசம். ரசம் என்பது வடசொல். நம் சொல் சாறு. கன்னடத்தில் இன்றும் சாரு, தெலுங்கில் சாரு. வைணவர் வீடுகளில் சாற்றமுது, பேச்சில் சாத்தமுது. இன்று ரசம் என்றால் தக்காளியும் காய்ந்த மிளகாயும் இல்லாமல் பலருக்குச் செய்யத் தெரியாது. இந்த இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பஸுக்குப் பிறகுதான் கடல் கடந்தன. மிளகாயைப் போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். மிளகு போலக் காரமான காய் என்பதால் நம்மவர்கள் அதற்கு மிளகாய் என்று பெயர் வைத்தார்கள். தக்காளி என்ற பெயரும் முன்பு நம் வேலியோரத்தில் சிறு பழம் காய்க்கும் செடிகளுக்கு உரியது. மணத்தக்காளி என்ற பெயரில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீமையிலிருந்து வந்த பெரிய பழம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

ஆக, காய்கறி வண்டி வராத மழைநாளில் நான் தக்காளி இல்லாமல் வைத்த ரசம் குறைப்பட்ட ரசம் அல்ல. புளியும் மிளகும் சீரகமும் பூண்டும் மட்டும் போட்ட அதுதான் பழைய வகை. என் மாமியார் அதை ரசம் என்றே சொல்ல மாட்டார். "மொளகுத்தண்ணி வச்சிருக்கேன், வந்து சாப்பிடு" என்பார். ஆங்கிலேயர் காதில் விழுந்தது இந்தச் சொல்தான்.

அது எப்போது விழுந்தது? மதராசில் 1639-ல் நிலம் வாங்கி, மறு ஆண்டிலிருந்து கோட்டையில் குடியிருந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய சமையற்கட்டில் வேலை செய்தவர்கள் நம்மவர்கள். எனவே அந்தக் காலத்திலேயே விழுந்திருக்கலாம். எழுத்தில் பதிவான பழைய சான்றாகக் காட்டப்படுவது 1784-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது சமையல் குறிப்பு இல்லை, ஒரு சிறைக் கைதியின் பாட்டு.

அந்தக் கதை எங்கள் ஊர்ப் பக்கத்தில் தொடங்குகிறது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் படையும் திப்புவின் படையும் சேர்ந்து கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை நொறுக்கின. பிடிபட்டவர்கள் மைசூர் நாட்டுச் சிறைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெய்லி 1782-ல் சிறையிலேயே இறந்தார். அதே 1782-ல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரன், கடலில் தாம் பிடித்த ஆங்கிலேயக் கைதிகளையும் ஹைதரிடம் ஒப்படைத்தார். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை ஆன பிறகே உயிரோடு இருந்தவர்கள் பலர் விடுதலையானார்கள்.

அப்படிச் சிறையில் கிடந்த கப்பற்படைக்காரர் ஒருவர் எழுதியதாக ஒரு பாட்டு இருக்கிறது. பெங்களூர்ச் சிறையில் தங்கள் விதியை நொந்துகொண்டு, மல்லிகட்டானியும் கஞ்சியும்தான் எங்களுக்கு விருந்து என்று அதில் புலம்புகிறார். மிளகுத்தண்ணியும் கஞ்சியும்! இரண்டும் நம் சொற்கள். நமக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா அன்போடு கொடுப்பது அவருக்குச் சிறைத் தண்டனை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. மாட்டிறைச்சியும் ரொட்டியும் சாப்பிட்டு வளர்ந்தவருக்குத் தினமும் அதுவே என்றால் புலம்பத்தான் செய்வார்.

சிறையில் புலம்பிய அதே பொருள் சில பத்தாண்டுகளில் லண்டனில் மதிப்பான சூப் ஆனது. ஆங்கிலேயர் சாப்பாட்டு முறையில் முதலில் சூப் வரவேண்டும். நம் சாப்பாட்டில் சூப் என்று தனியாக ஒன்று கிடையாது. சோற்றில் ஊற்றிப் பிசைவதுதான் ரசம். துரை சூப் கேட்டால் மதராஸ் சமையல்காரர் என்ன செய்வார்? தமக்குத் தெரிந்த மிளகுத்தண்ணியை எடுத்து, அதில் கோழி வேகவைத்த நீரைச் சேர்த்து, வெங்காயத்தை வதக்கிப் போட்டு, மசாலாவைக் கூட்டிக் கெட்டியாக்கித் தட்டில் ஊற்றியிருப்பார். நான் ஊட்டியில் சாப்பிட்ட சூப்புக்கு இதுதான் மூதாதை.

ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பியவர்களோடு அந்தச் சூப்பும் கப்பல் ஏறியது. அங்கே இலையுதிர்காலமும் குளிர்காலமும் நம் ஐப்பசி கார்த்திகை மாதிரி இல்லை. மாலை நாலரைக்கே இருட்டும், ஈரக்காற்று எலும்பைக் குத்தும். அந்தக் குளிருக்கு இந்தக் காரம் பிடித்துப்போனது. 1817-ல் முதலில் வெளிவந்து பல பதிப்புகள் கண்ட வில்லியம் கிச்சினரின் சமையல் நூலில் இந்தச் சூப் உண்டு. லண்டன் காப்பிக் கடைகளின் ஜன்னலில் இந்த வாயில் நுழையாத பெயரை ஒட்டி வைத்திருப்பதைப் பற்றி அவர் வேடிக்கையாக எழுதுகிறார். 1861-ல் வந்த திருமதி பீட்டனின் புகழ்பெற்ற குடும்ப நிர்வாக நூலிலும் இது இருக்கிறது. அதில் கோழி அல்லது முயல், கொழுப்பில்லாத பன்றி இறைச்சித் துண்டுகள், ஆறு வெங்காயம், பாதாம், கரிப்பொடி எல்லாம் சேர்கின்றன. புளியைக் காணோம். எலுமிச்சை ஊறுகாயோ மாங்காய்ச் சாறோ போடச் சொல்கிறார்.

இதைப் பார்த்துச் சிலருக்குக் கோபம் வரலாம். எனக்கு வரவில்லை. அந்த அம்மாள் புளிக்குப் பதிலாகப் புளிப்புக்கு வேறு வழி தேடியிருக்கிறார். நாமும் மிளகாயை எடுத்துக்கொண்டோம், தக்காளியை எடுத்துக்கொண்டோம்.

மூலத்தைச் சரியாகக் குறித்து வைத்த ஆங்கிலேயர்களும் உண்டு. மதராஸ் படையில் இருந்த கென்னி-ஹெர்பர்ட் என்ற அதிகாரி 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878-ல் மதராசிலேயே ஒரு சமையல் நூல் வெளியிட்டார். மிளகு, தண்ணி என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் சேர்ந்தது இந்தப் பெயர் என்று விளக்கி, இங்குள்ள எளியவர்கள் புளி, பூண்டு, கடுகு, மிளகாய், மிளகு, கறிவேப்பிலை போட்டு எப்படிச் செய்கிறார்கள் என்றும் எழுதினார். 1886-ல் யூல், பர்னெல் இருவரும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியும் இது தமிழ்ச் சொல்லின் திரிபு என்று தெளிவாகச் சொல்கிறது. அதே அகராதியில் இன்னொரு செய்தி. மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயர்களுக்கு மற்ற மாகாணத்தார் வைத்த கேலிப் பெயர் 'மல்'. மல்லிகட்டானியின் சுருக்கம். நம்மை 'சாம்பார்' என்று கேலி செய்கிறார்களே, அதற்கு முன்பே துரைமார்களை ரசத்தின் பெயரால் கேலி செய்திருக்கிறார்கள்.

நாட்டை விட்டுப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வேறு மாதிரி செய்தன. அவர்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பெப்பர் வாட்டர்'. மிளகுத்தண்ணீரின் நேர் மொழிபெயர்ப்பு. புளியும் மிளகும் போட்டுச் சோற்றில் ஊற்றி, பக்கத்தில் வறுத்த கறியோ பொரியலோ வைத்துச் சாப்பிடுகிறார்கள். பெயரை அப்படியே கொண்டுபோனவர்களிடம் பொருள் மாறிவிட்டது. பெயரை மாற்றிக்கொண்டவர்களிடம் பொருள் அப்படியே இருக்கிறது.

இதையெல்லாம் படிக்கும்போது ஒன்று உறுத்தியது. கிச்சினர் பெயர் இருக்கிறது, பீட்டன் பெயர் இருக்கிறது, வைவர்னின் பெயர் இருக்கிறது. மிளகுத்தண்ணியை முதன்முதலில் சூப்பாக மாற்றிய மதராஸ் சமையல்காரரின் பெயர் எங்கும் இல்லை. அவர் எழுதி வைக்கவில்லை, அவரை யாரும் கேட்கவுமில்லை. அடுப்பின் முன் நின்றவருக்குத் தெரிந்ததை, மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் எழுதினார். கறிக்கடையில் நின்ற பையனுக்குத் தெரிந்ததை, மேசையில் உட்கார்ந்திருந்த நான் கேட்கவில்லை. எனக்கு வலித்தது இதுதான்.

சரி, இவ்வளவு படித்தவர்களைச் சும்மா அனுப்பக் கூடாது. என் மாமியார் வைத்த மொளகுத்தண்ணியின் முறை இது. நாலு பேருக்குப் போதும்.

நெல்லிக்காய் அளவு புளியை இரண்டு டம்ளர் வெந்நீரில் ஊற வைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். ஒன்றரைத் தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம் இரண்டையும் அம்மியிலோ உரலிலோ கொரகொரப்பாகப் பொடியுங்கள். மிக்ஸி என்றால் ஒரே ஒரு சுற்று. கடைசியில் ஐந்தாறு பல் பூண்டைத் தோலோடு போட்டு நசுக்குங்கள். புளித்தண்ணீரில் உப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். பிறகு பொடித்ததைப் போட்டு இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அதன்பின் கொதிக்கக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டி மேலே வரும்போது இறக்கிவிட வேண்டும். நெய்யில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி உடனே மூடுங்கள். மூடி வைக்கும் அந்த ஐந்து நிமிஷம் முக்கியம். மிளகாய் வேண்டாம், தக்காளி வேண்டாம். தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். உடம்பு சரியில்லாதவர்களுக்குக் குழைந்த சோற்றில் ஊற்றிக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. என்னிடம் படித்தவர்கள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். நீங்களும் அந்த வகுப்பில் இருந்திருக்கலாம், சிரித்தும் இருக்கலாம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்த அந்தக் கறிக்கடைக்காரர் மகன் யாருக்காவது தொடர்பில் இருந்தால் இந்தப் பதிவை அவனுக்கு அனுப்புங்கள். இப்போது அவனுக்கும் நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.

தம்பி, அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி. டீச்சர் சொன்னது தப்பு. உன்னை உட்காரச் சொல்லியிருக்கக் கூடாது, அப்பா உப்புக்கண்டம் போடும் விதத்தை வகுப்புக்குச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். காஞ்சிபுரம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. மழை நாளாகப் பார்த்து வா. மொளகுத்தண்ணி வைக்கிறேன்.

உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர், என்னென்ன போடுவீர்கள் என்று கீழே எழுதுங்கள். வீட்டில் வைத்தவர்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.